ஒரே மாணவிக்காக ஓடியதா ரயில்? ஜப்பானின் கியூ ஷிராடகி நிலையத்தின் கதையும் உண்மையும்

ஜப்பானின் வடகோடியில், பனி மூடிய கிராமம் ஒன்றில், ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ரயில் நிலையம் ஒன்று மூடப்படாமல் காக்கப்பட்டது என்ற செய்தி 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உலகெங்கும் பரவியது. இந்தியாவிலும் பல மொழிகளில் அது பகிரப்பட்டது. அவ்வப்போது வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் தலைகாட்டுகிறது. "குடிமகள் ஒருத்தியின் கல்விக்காக அரசே ரயில் விட்டது" என்ற நெகிழ்ச்சியான வரியோடு அது பெரும்பாலும் முடியும்.

அந்தச் செய்தியில் உண்மை உண்டு. ஆனால் நிலையத்தின் பெயர், ரயில்களின் எண்ணிக்கை, நிலையம் மூடப்பட்டதன் காரணம் ஆகியவை திரிந்து போயின. அந்நிலையத்தின் கதை என்ன, அது ஏன் மூடப்பட்டது, அதன் பிறகு ஹொக்கைடோ தீவின் ரயில் பாதைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

எங்கே இருந்தது அந்த நிலையம்?

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளுள் வடக்கே உள்ளது ஹொக்கைடோ. அதன் வடகிழக்குப் பகுதியில், மலைகளும் காடுகளும் சூழ்ந்த சிறுநகரம் எங்காரு. 2005ஆம் ஆண்டு அக்டோபரில் ஷிராடகி என்ற கிராமம் உள்ளிட்ட அண்டைப் பகுதிகள் எங்காருவுடன் இணைக்கப்பட்டன. பரப்பளவில் பெரிய நிர்வாகப் பகுதியான அதன் மக்கள்தொகை 2015இல் சுமார் 20 ஆயிரம் மட்டுமே.

ஷிராடகி என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் 'வெள்ளை அருவி' என்று பொருள். இப்பகுதி எரிமலைக் கண்ணாடி எனப்படும் கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. கற்கால மனிதர்கள் அக்கல்லைச் செதுக்கிக் கத்திகளும் ஈட்டி முனைகளும் செய்துள்ளனர். இங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட கற்கருவிகள் 2023ஆம் ஆண்டு ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன.

இவ்வூர் வழியே செல்கிறது செகிஹோகு பிரதான ரயில் பாதை. அசாஹிகாவா நகரின் அருகே தொடங்கி, ஒகோட்ஸ்க் கடலோரத்தில் உள்ள அபாஷிரி வரை சுமார் 234 கிலோமீட்டர் நீளும் பாதை இது. ஒற்றைத் தடத்தில், டீசல் ரயில்கள் ஓடுகின்றன. மலையைக் குடைந்து 1932ஆம் ஆண்டு அக்டோபரில் ஷிராடகிக்கும் காமிகாவாவுக்கும் இடையிலான இணைப்பு நிறைவு பெற்றது.

ஒரே பெயரில் நான்கு நிலையங்கள்

செய்தி திரிந்ததற்கு முதற்காரணம் பெயர்தான். இப்பாதையில் ஷிராடகி என்ற பெயரைத் தாங்கிய நான்கு நிலையங்கள் அடுத்தடுத்து இருந்தன. காமி ஷிராடகி என்றால் மேல் ஷிராடகி. அதற்கு அடுத்தது ஷிராடகி. மூன்றாவது கியூ ஷிராடகி, அதாவது பழைய ஷிராடகி. நான்காவது ஷிமோ ஷிராடகி, அதாவது கீழ் ஷிராடகி.

சீன அரசுத் தொலைக்காட்சி தன் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிட்ட பதிவு, மாணவி ஏறிய நிலையம் காமி ஷிராடகி என்று குறிப்பிட்டது. அங்கு நாளொன்றுக்கு ஒரு ரயில் போகவும், ஒரு ரயில் வரவும் மட்டுமே நின்றன. 'காலையில் ஏற்றிச் செல்ல ஒரு ரயில், மாலையில் இறக்கிவிட ஒரு ரயில்' என்ற வருணனைக்கு அந்த அட்டவணை மிகவும் பொருந்தியது. ஆனால் மாணவி ஏறியது காமி ஷிராடகியில் அல்ல, கியூ ஷிராடகியில். அங்கு எங்காரு திசையில் காலையில் ஒரு ரயிலும், எதிர்த்திசையில் பிற்பகல் முதல் இரவு வரை மூன்று ரயில்களும் நின்றன.

கியூ ஷிராடகி 1947ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி தற்காலிக நிறுத்தமாகத் தொடங்கப்பட்டது. முழுமையான ரயில் நிலையம் என்ற தகுதியை அது 1987ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் பெற்றது. ஒற்றை நடைமேடை, பனிக்கு ஒதுங்க ஒரு சிறிய மரக் கூடம் ஆகியவையே அதன் வசதிகள். பயணச்சீட்டு வழங்க ஊழியர் எவரும் இல்லை.

ஒருவருக்காக ரயில் ஓடியதா?

கியூ ஷிராடகியை நாள்தோறும் பயன்படுத்தியவர், நிலையத்தின் இறுதி ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் மட்டுமே என்பது பெரும்பாலும் உண்மை. முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள எங்காரு நகரப் பள்ளிக்கு அவர் காலை ஏழு மணியளவில் வரும் ரயிலில் சென்றார். அந்த ரயிலைத் தவறவிட்டால் பள்ளிக்கு உரிய நேரத்தில் செல்ல வேறு ரயில் இல்லை.

ஆனால் அந்த ரயில் அவருக்காக மட்டும் ஓடவில்லை. அது செகிஹோகு பாதையில் வழக்கமாக இயங்கிய உள்ளூர் ரயில். அண்டை நிலையங்களிலிருந்தும் மாணவர்கள் அதில் ஏறினர். கியூ ஷிராடகியில் அது ஒரு நிமிடம் நின்று சென்றது, அவ்வளவே. நிலையத்தை மூடிய பிறகும் பாதையில் ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

மாணவி பள்ளிப் படிப்பை முடிக்கும் நாள் வரை காத்திருந்து நிலையம் மூடப்பட்டது என்ற கூற்றையும் கவனத்துடன் அணுக வேண்டும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜேஆர் ரயில் நிறுவனங்களும் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில்தான் கால அட்டவணையைப் பெரிய அளவில் மாற்றுகின்றன. நிலையங்களைத் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் அந்த நாளையொட்டியே நடைபெறும். கியூ ஷிராடகி மூடப்பட்ட 2016 மார்ச் 26ஆம் தேதி, ஹொக்கைடோவில் அது உட்பட எட்டு நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றுள் காமி ஷிராடகி, ஷிமோ ஷிராடகி ஆகியவையும் அடங்கும். எனவே தேதிப் பொருத்தத்தை மட்டும் கொண்டு, ஒரு மாணவிக்காகவே நாள் குறிக்கப்பட்டது என முடிவு செய்ய இயலாது.

அதே வேளையில், அந்தத் தேதி மாணவியின் குடும்பத்திற்கு உதவியாக அமைந்ததும் உண்மை. ஓராண்டு முன்னதாக மூடப்பட்டிருந்தால் அவரது பள்ளிப் பயணம் பெரும் சிக்கலுக்கு உள்ளாகியிருக்கும்.

ஒரு நிலையத்தை வைத்திருக்க என்ன செலவு?

நிற்பதற்கு ஒரு நடைமேடையும் ஒதுங்க ஒரு கூடமும் மட்டுமே உள்ள நிலையத்தை மூடுவதால் என்ன மிச்சமாகும் என்ற கேள்வி எழலாம். ஹொக்கைடோவில் பனிதான் அதற்கான முதல் விடை. குளிர்காலத்தில் நடைமேடையில் குவியும் பனியை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மரப் பலகைகளையும் விளக்குகளையும் பழுது பார்க்க வேண்டும். ஊழியர் இல்லாத நிலையத்திற்கும் ஆள் சென்றே இவற்றைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் பயண நேரத்தையும் எரிபொருள் செலவையும் கூட்டுகிறது.

வருவாயோ மிகக் குறைவு. ஜப்பானில் மாணவர்களுக்கான பருவச்சீட்டு பெரும் சலுகையுடன் வழங்கப்படுகிறது. காலையும் மாலையும் தவறாமல் பயணம் செய்யும் ஒரு மாணவரிடமிருந்து கிடைக்கும் தொகை, ஒரு குளிர்காலத்தின் பனி அகற்றும் செலவுக்கும் ஈடாகாது.

ஆனால் மாணவர்களும் முதியவர்களும் கார் ஓட்ட இயலாதவர்கள். அவர்களுக்கு ரயிலே வழி. நிறுவனத்தின் கணக்கேட்டில் மிகச் சிறிய எண்ணாகத் தெரிவோரே ரயிலை மிகவும் நம்பியிருப்போர். இந்த முரண்தான் கியூ ஷிராடகியின் கதையை உலகுக்கு நெருக்கமாக்கியது.

தடுமாறும் நிறுவனம்

ஜப்பான் தேசிய ரயில்வே பெருங்கடனில் மூழ்கியதால், 1987ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அது பிரிக்கப்பட்டது. ஆறு பயணியர் ரயில் நிறுவனங்களும் ஒரு சரக்கு ரயில் நிறுவனமும் உருவாயின. டோக்கியோவையும் ஒசாகாவையும் சுற்றியுள்ள நிறுவனங்கள் செழித்தன. மக்கள் நெருக்கம் குறைந்த ஹொக்கைடோவின் பாதைகளைப் பெற்ற ஜேஆர் ஹொக்கைடோ நிறுவனம் தொடக்கம் முதலே இழப்பைச் சந்தித்தது.

இழப்பு நேரும் என்பது பிரிக்கும்போதே தெரிந்திருந்தது. எனவே 68,220 கோடி யென் மதிப்பில் ஒரு நிலைப்பு நிதி அந்நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. அதிலிருந்து ஆண்டுக்கு 7.3 விழுக்காடு வருவாய் கிடைக்கும், அதைக் கொண்டு பற்றாக்குறையை ஈடுகட்டலாம் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் 1990களில் ஜப்பானில் வட்டி விகிதம் சரிந்து, பின்னர் ஏறத்தாழ பூஜ்ஜியத்தைத் தொட்டது. நிதி இருந்தது, அதன் பலன் சுருங்கியது.

மறுபுறம் சாலைகள் விரிவடைந்தன, கார்கள் பெருகின. ஹொக்கைடோவின் மக்கள்தொகை 1990களின் நடுவில் சுமார் 57 லட்சமாக இருந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது சுமார் 52 லட்சமாகக் குறைந்தது. எஞ்சியோரிலும் பெரும் பகுதியினர் தலைநகர் சப்போரோவில் குவிந்தனர்.

இந்நிலையில் பாதுகாப்புச் சிக்கலும் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதம் செகிஷோ பாதையில் விரைவு ரயில் ஒன்று சுரங்கப்பாதையில் தீப்பற்றியது. 2013ஆம் ஆண்டு தண்டவாளச் சோதனைத் தரவுகள் திருத்தப்பட்டிருந்தது அம்பலமானது. பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கியே தீர வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. பயணியர் மிகக் குறைந்த நிலையங்களை மூடும் முடிவு இந்தப் பின்னணியில்தான் எடுக்கப்பட்டது.

ஒரே நாளில் இரு நிகழ்வுகள்

கியூ ஷிராடகியில் கடைசி ரயில் நின்றது 2016 மார்ச் 25ஆம் தேதி. மறுநாள் காலை ஹொக்கைடோவிற்கு முதல் புல்லட் ரயில் வந்தது. கடலடிச் சுரங்கமான செய்கான் வழியாக, முதன்மைத் தீவின் ஷின் அவோமோரியிலிருந்து ஷின் ஹகோடேட் ஹொகுடோ வரையிலான ஷின்கன்சென் சேவை அன்று தொடங்கியது.

ஒரே நிறுவனம், ஒரே நாளில், தீவின் ஒரு முனையில் அதிவேக ரயிலைத் தொடங்கியது. மற்றொரு பகுதியில் எட்டுச் சிறு நிலையங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. மும்பை-அகமதாபாத் திட்டத்தின் வாயிலாக ஷின்கன்சென் என்ற பெயர் இந்தியர்களுக்கு அறிமுகமாகியுள்ளது. ஜப்பானிய ரயில்வேயின் மறுபக்கமாக விளங்கும் இத்தகைய கிராமத்து நிலையங்கள் அவ்வளவாக அறியப்படவில்லை.

காமி ஷிராடகி மூடப்பட்ட பின், காமிகாவா நிலையத்திற்கும் ஷிராடகி நிலையத்திற்கும் இடையே வேறு நிலையமே இல்லை. அந்த 37.3 கிலோமீட்டர், ஜேஆர் வழக்கமான பாதைகளில் அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடையிலான மிக நீண்ட இடைவெளியாக ஆனது. ஷிமோ ஷிராடகி, பயணியர் ஏறி இறங்காத, ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும் சமிக்ஞை நிலையமாக மாற்றப்பட்டது.

அதன் பிறகு என்ன நடந்தது?

நிலையங்களை மூடியதோடு நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி, 10 பாதைகளைச் சேர்ந்த 13 பகுதிகளைத் தன்னால் மட்டும் பராமரிக்க இயலாது என ஜேஆர் ஹொக்கைடோ அறிவித்தது. அவற்றின் மொத்த நீளம் 1,237.2 கிலோமீட்டர். நிறுவனத்தின் ரயில் பாதைகளில் ஏறத்தாழ பாதி அது. செகிஹோகு பாதையும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படை 'போக்குவரத்து அடர்த்தி' என்ற அளவு. ஒரு பாதையின் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை பேர் பயணம் செய்கின்றனர் என்பதை அது காட்டுகிறது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 4,000 பேருக்கும் குறைவான அடர்த்தி கொண்ட பாதைகள் பேருந்துக்கு மாற்றத் தக்கவை எனக் கருதப்பட்டன. அவ்வாறு நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட 83 பாதைகளில் 45 பேருந்துச் சேவையாக மாறின. எஞ்சிய 38 பாதைகள் உள்ளாட்சிகள் பங்கேற்ற நிறுவனங்கள் உள்ளிட்டவற்றிடம் ஒப்படைக்கப்பட்டு ரயில் பாதைகளாகவே நீடித்தன.

ஹொக்கைடோவின் 13 பகுதிகளுக்கும் ஒரே விடை கிடைக்கவில்லை. பழைய நிலக்கரி நகரமான யூபாரி, கிளைப் பாதையை மூடத் தானே முன்வந்தது. அதற்கு ஈடாகப் பேருந்து வசதிகளுக்கு நிறுவனத்தின் உதவியைக் கேட்டுப் பெற்றது. 2019 ஏப்ரல் 1ஆம் தேதி அப்பாதை முடிவுக்கு வந்தது. கடலரிப்பால் பாதிக்கப்பட்டிருந்த ஹிடாகா பாதையின் பெரும்பகுதி 2021 ஏப்ரலிலும், இஷிகாரி நுமாதா-ருமோய் பகுதி 2023இலும் மூடப்பட்டன.

2024 ஏப்ரல் 1ஆம் தேதி நெமுரோ பாதையின் புரானோ-ஷின்டோகு பகுதி மூடப்பட்டது. அப்பகுதியில் இருந்த இகுடோரா நிலையம், ஜப்பானியர் பலருக்குத் திரைப்படத்தின் வழியே அறிமுகமானது. மூடப்படவிருக்கும் கிளைப் பாதை நிலையம் ஒன்றின் முதிய அதிகாரியைப் பற்றிய 'பொப்போயா' என்ற படம் அங்குதான் எடுக்கப்பட்டது. 1999இல் வெளிவந்த அப்படத்தில் நடிகர் தகாகுரா கென் நிலைய அதிகாரியாக நடித்தார்.

செகிஹோகு பாதை ஏன் நீடிக்கிறது?

பயணியர் குறைவு என்றாலும் செகிஹோகு பாதைக்கு வேறு பயன்கள் உண்டு. சப்போரோ, அசாஹிகாவா நகரங்களைக் கிழக்குக் கடலோரத்துடன் இணைக்கும் விரைவு ரயில்கள் இதில் ஓடுகின்றன. ஜப்பானில் வெங்காயம் அதிகம் விளையும் கிடாமி நகரும் இப்பாதையில்தான் உள்ளது. அறுவடைக் காலத்தில் அங்கிருந்து வெங்காயம் ஏற்றிய சரக்கு ரயில்கள் புறப்படுகின்றன. பாதையை மூடினால் இழப்பு பயணியரோடு நிற்காது, உழவர்களையும் எட்டும்.

எங்காரு நிலையம் மற்றொரு பழைய கதையைச் சுமந்து நிற்கிறது. ஒரு காலத்தில் அது இரு பாதைகள் கூடும் சந்திப்பு. வடக்கு நோக்கிச் சென்ற நயோரோ பாதை 1989ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆனால் தண்டவாள அமைப்பு மாறவில்லை. இன்றும் எங்காருவுக்குள் நுழையும் ரயில், வந்த திசையிலேயே திரும்பி வெளியேறித்தான் பயணத்தைத் தொடர வேண்டும். அப்போது விரைவு ரயில் பயணியர் தாமே எழுந்து இருக்கைகளை எதிர்ப்புறம் திருப்பிக்கொள்கின்றனர். வெங்காய ரயிலுக்கோ இரு முனைகளிலும் எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. மூடப்பட்ட ஒரு பாதையின் விளைவு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அன்றாட வேலையாகத் தொடர்கிறது.

ஊரே பொறுப்பேற்கும் நிலையங்கள்

மூடுவதைத் தவிர வேறு வழியும் ஹொக்கைடோவில் கையாளப்படுகிறது. டோயோரா நகரில் உள்ள கோபோரோ நிலையம், இரு சுரங்கப்பாதைகளுக்கு இடையே, சாலை வசதியே இல்லாத இடத்தில் உள்ளது. 'எட்டாக்கை நிலையங்களை'த் தேடிச் செல்லும் ரயில் ஆர்வலர்களிடையே அது புகழ் பெற்றது. அதை மூட நிறுவனம் எண்ணியபோது, பராமரிப்புச் செலவை ஏற்க நகராட்சி முன்வந்ததால் நிலையம் தப்பியது.

இம்முறை பின்னர் விரிவடைந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் ஊழியர் இல்லாத 18 நிலையங்கள் மூடப்பட்டன. மேலும் 18 நிலையங்களின் பராமரிப்பை உள்ளாட்சிகள் ஏற்றுக்கொண்டன. ஒரு நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி ரயில் நிறுவனத்தின் கையிலிருந்து ஊரின் வரவு செலவுத் திட்டத்திற்கு இடம்பெயர்ந்தது. பள்ளி, மருத்துவமனை, பனி அகற்றல் ஆகியவற்றுக்கும் அதே பணப்பையிலிருந்துதான் செலவிட வேண்டும். பயணியர் குறையும்போது, ஏற்றுக்கொண்ட ஊர்களே பின்னர் கைவிடுவதும் உண்டு.

பேருந்தும் எளிய மாற்று அல்ல. நாடு முழுவதும் ஓட்டுநர் பற்றாக்குறை நிலவுகிறது. 2024 ஏப்ரல் முதல் ஓட்டுநர்களின் கூடுதல் பணி நேரத்திற்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்தபின் கிராமப் பேருந்துச் சேவைகள் மேலும் நெருக்கடிக்கு உள்ளாயின. ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து என்ற வாக்குறுதி எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்ற ஐயம் இதனால் எழுகிறது. உள்ளூர்ப் பாதைகளின் எதிர்காலம் குறித்து மத்திய அரசு, உள்ளாட்சி, ரயில் நிறுவனம் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் பேசுவதற்கான குழுவை அமைக்க, 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் வழிசெய்துள்ளது.

கதை சொல்லாமல் விட்டது

பரவிய செய்தி, நிலையம் காக்கப்பட்டதைச் சொன்னது. மூடப்பட்டதைப் பெரிதாகச் சொல்லவில்லை. மாணவி பள்ளியை முடித்துச் சென்றபின் அந்த ஊரில் என்ன எஞ்சியது என்ற கேள்வியையும் அது எழுப்பவில்லை. கியூ ஷிராடகியில் பயணி ஒருவராகக் குறைந்ததற்குக் காரணம், அவருக்குப் பின் அந்த நடைமேடைக்கு வரப் பிள்ளைகள் இல்லை என்பதே. ரயில் நின்றதால் ஊர் தேய்ந்ததா, ஊர் தேய்ந்ததால் ரயில் நின்றதா என்ற விவாதம் ஜப்பானின் பல சிற்றூர்களில் இன்றும் தொடர்கிறது.

2016 மார்ச் 25ஆம் தேதி, உள்ளூர் மக்களும் ரயில் ஆர்வலர்களும் அந்தச் சிறு நடைமேடையில் கூடிக் கடைசி ரயிலுக்கு விடை கொடுத்தனர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்த நிலையத்தில், அன்றுதான் நெடுநாளைக்குப் பின் கூட்டம் கூடியிருந்தது. மறுநாள் முதல் ரயில்கள் அங்கு நிற்காமல் செல்கின்றன.